பி.டி.ஓ. ஷாஃப்ட் எச்சரிக்கை ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதா?

டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் போன்ற கருவிக்குக் கொண்டுபோகும் தண்டுதான் பி.டி.ஓ. ஷாஃப்ட். டிராக்டரின் பின்பக்கமும் ரோட்டவேட்டரிலும் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படங்களில் சிவப்புப் பட்டை இருந்தால் அது உயிருக்கே ஆபத்து என்று பொருள். ஆரஞ்சு அதற்கு அடுத்தது, மஞ்சள் அதற்கும் கீழே.

ஷாஃப்ட்டில் ஆள் சுற்றிக்கொள்ளும் படத்தை அலட்சியம் செய்யவே கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ, துண்டோ, முந்தானையோ சிக்கினால் கையை இழுக்கும் முன்பே துணி முழுதும் சுற்றிவிடும்.

ஷாஃப்ட்டை மூடும் பிளாஸ்டிக் குழாயைத்தான் முதலில் பாருங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, அந்தக் குழாயைக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் அசையாமல் குழாய் மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும் அல்லது மண் அடைத்திருக்கும். ஓடும்போது குழாயும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும், அப்புறம் அது காப்பே இல்லை. குழாய் சுற்றாமல் பிடிக்கும் சங்கிலியை இரு முனையிலும் மாட்டுங்கள். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று குழாயைக் கழற்றிப் போடுவது மிகத் தவறு.

ஸ்டிக்கரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். டீசல், பெட்ரோல் பட்டால் எழுத்து அழியும். கழுவும் பிரஷர் பம்பை அருகில் பிடித்தால் ஓரம் உரியும். பல ஸ்டிக்கர்களின் மூலையில் பாக எண் அச்சாகியிருக்கும். அதைச் சொல்லி டீலரிடம் புதிதாகக் கேளுங்கள். பழைய வண்டி வாங்கும்போதும் இதைக் கேட்டு ஒட்டிவிடுங்கள்.