வானத்தில் நகரும் வெளிச்சம்: மட்டக்களப்பில் நாம் விடும் பிழைகள்

செய்மதி பார்க்க வேண்டும் என்றால் நம்மூர் ஆட்கள் நேரே கல்லடிக் கடற்கரைக்குப் போய், மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னேரத்தில் அது பிழையான பக்கம். கடல் நமக்குக் கிழக்கே. சூரியன் மறைந்ததும் பூமியின் நிழலும் கிழக்கிலிருந்துதான் மேலேறி வருகிறது. செய்மதிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெயில் பட்டுத்தான் தெரிகிறது, நிழலுக்குள் நுழைந்ததும் அவிந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலாகப் போகும் நாட்களில் தென்மேற்கில் எழும்பி வடகிழக்கு நோக்கியோ, வடமேற்கில் எழும்பித் தென்கிழக்கு நோக்கியோ போகும், ஆகவே கடலைப் பார்த்தபடி இருப்பவருக்கு அது முதுகுக்குப் பின்னால் வந்து, பல நாள் உச்சியைத் தாண்டியும் தாண்டாமலும் இருக்கும்போதே காணாமல் போய்விடும். பின்னேரம் என்றால் வாவிப் பக்கம் போய், மேற்கு வெளியாகத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். விடியப்புறம் என்றால் நிழல் மேற்கே இருக்கும், நிலையம் நடுவானில் திடீரென்று தோன்றிக் கடல் பக்கமாக இறங்கும். கடற்கரை அப்போதுதான் அருமையான இடம்.

அடுத்தது நேரம். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் ஜூன் மாதம் நடுச்சாமத்தில் பார்த்ததாகச் சொன்னால் நம்புங்கள், ஆனால் அதை இங்கே முயலாதீர்கள். அங்கே கோடையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. நமக்கோ சூரியன் நேர்குத்தாக விழுகிறது, மறைந்து ஏறத்தாழ 80 நிமிடத்தில், நிலையம் சுற்றுகிற 400 கிலோமீற்றர் உயரத்து உச்சிவானமும் நிழலுக்குள் போய்விடும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறுகிறவருக்கு நிலையம் கிடைக்காது.

விமானத்தைச் செய்மதி என்று நினைப்பது பழைய பிழைதான். இறக்கை நுனிகளில் சிவப்பும் பச்சையும், வெட்டி வெட்டி மின்னும் வெள்ளையும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மின்னுவதெல்லாம் விமானம் என்று முடிவெடுப்பதும் சரியில்லை. கைவிடப்பட்ட ராக்கெட் பகுதிகள் உருண்டுகொண்டே சுற்றுவதால் அவற்றின் வெளிச்சம் சில வினாடிக்கு ஒருமுறை மெதுவாகக் கூடிக் குறையும்.

நகராததை நகர்கிறது என்று நினைப்பது இன்னொன்று. ஓடும் முகிலுக்குப் பின்னால் வெள்ளி கிரகம் இருந்தால் வெள்ளிதான் ஓடுவதுபோல் தெரியும். முகிலே இல்லாவிட்டாலும், இருட்டில் தனியான ஒரு வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவதாகக் கண் ஏமாற்றும். ஒரு தென்னோலை நுனிக்கோ கூரை மூலைக்கோ நேராக அதைப் பிடித்துவைத்து ஒரு நிமிடம் பாருங்கள், தெரிந்துவிடும். போனில் எடுத்த வீடியோ என்றால் இன்னும் கவனம் தேவை, தெருவிளக்கு படத்துக்குள் இருந்தால் லென்ஸில் பட்டுத் தெறித்து ஒரு பச்சைப் புள்ளி மிதக்கும், போனை அசைக்க அதுவும் அசையும்.

இனி, உண்மையிலேயே மனதைக் கஷ்டப்படுத்தும் ஒன்று. கோர்த்த மணிகள்போல் வரிசையாக வெளிச்சங்கள் வந்தால் அது பெரும்பாலும் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் எனும் இணையச் சேவைச் செய்மதிகள். 2019 மே மாதம் முதல் தொகுதியில் 60 போயின. ஏவிய சில நாட்களுக்கு நெருக்கமாகத் தெரியும், பிறகு உயர ஏறி விலகிவிடும். இதை ஏவுகணை என்று குரல்பதிவு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போரைப் பார்த்த ஊர் இது, வானத்தில் சத்தமில்லாமல் வெளிச்சம் வரிசையாக வந்தால் வயதானவர்களுக்கு என்ன நினைவு வரும் என்று யோசிக்க வேண்டாமா? அனுப்ப முதல் ஏவப்பட்ட திகதியைத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

செய்மதி எப்போது, எந்தப் பக்கம் தெரியும் என்று காட்டும் ஹெவன்ஸ் அபவ் போன்ற செயலியில் இடத்தை மட்டக்களப்பு என்று மாற்ற மறக்காதீர்கள். கொழும்பில் உச்சியில் போவது இங்கே நன்றாகச் சரிந்து தெரியும், நேரமும் கொஞ்சம் மாறும். மாரியில், கார்த்திகை மார்கழியில், முகில் விடாது, மாசிக்குப் பிறகு பார்ப்பது நல்லது. அப்புறம் பிரகாச எண்: அது குறையக் குறைய வெளிச்சம் கூடும். -3 என்று போட்டிருப்பதை மங்கலானது என்று நினைத்துத் தாண்டிப் போய், 5 என்று இருப்பதைத் தெருவிளக்கடியில் நின்று தேடுகிறார்கள்.