புயல் தாங்கும் ஜன்னல்: கண்ணாடியை மட்டும் பார்க்காதீர்கள்

ஃபுளோரிடாவில் வீடு வாங்குகிறீர்களா? புயல் தாங்கும் ‘இம்பாக்ட் ஜன்னல்’ என்று சொன்னதும் நம்பிவிடாமல், கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். ‘டெம்பர்டு’ (சூடாக்கிக் கடினமாக்கியது) என்று மட்டும் இருந்தால் அது புயலுக்கு உதவாது; உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். வேண்டியது ‘லேமினேட்டட்’. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய பிளாஸ்டிக் படலம், கண்ணாடி விரிசல் விட்டாலும் அதைச் சட்டத்திலேயே பிடித்து வைக்கும். காற்று உள்ளே புகுந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும் என்பதால்தான் இத்தனை கவனம்.

1992 ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவின் மயாமி-டேட் பகுதியில் விதிகள் கடுமையாயின. அங்கே சுமார் 4 கிலோ மரக்கட்டையை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் கண்ணாடி மீது எறிந்து, பிறகு திரும்பத் திரும்பக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

ஆனால் பெரும்பாலும் கோட்டை விடுவது பொருத்துவதில்தான். கான்கிரீட் சுவரில், ஜன்னலைச் சுற்றியுள்ள மெல்லிய மரப்பலகையோடு ஸ்குரூ நின்றுவிடாமல் கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். விளிம்புக்கு மிக நெருக்கமாகத் துளையிட்டால் கான்கிரீட் கல் பிளந்துவிடும். நீளமும் இடைவெளியும் தயாரிப்புக்கான அங்கீகார வரைபடத்தில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்குரூக்களைப் பூசி மறைப்பதற்கு முன்பே கட்டட ஆய்வாளர் பார்த்தாக வேண்டும். வீட்டின் மூலை ஜன்னல்களில் காற்றின் இழுவிசை அதிகம்; அவற்றுக்கு அழுத்தத் தரம் (எவ்வளவு காற்றழுத்தம் தாங்கும் என்ற அளவு) கூடுதலாக வேண்டும்.

வாசல் கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லது. காற்று அதைச் சட்டத்தோடு அழுத்தும். கராஜ் கதவை மறந்துவிடாதீர்கள், முதலில் வளைவது பல வீடுகளில் அதுதான். கண்ணாடியில் டேப் ஒட்டுவதோ? வீண் வேலை.