15 வருடம் முடிந்த ஸ்கூட்டரை எஃப்.சி.க்குத் தயார் செய்வது எப்படி?

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள 15 வருடம் முடிந்தால், ஸ்கூட்டரை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதையும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) என்றுதான் சொல்கிறோம். வட சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஓடிய வண்டிகள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இன்ஜினால் அல்ல. உப்புக் காற்றும், மழைக்கு வியாசர்பாடி, புளியந்தோப்பு தெருக்களில் தேங்கும் தண்ணீரும் மூன்று இடங்களை அரித்துவிடுகின்றன: வயர் முனைகள், பிரேக் டிரம், சைலன்சரின் அடிப்பாகம். அதனால்தான் பல்பு மாற்றியும் லைட் எரியாது, கேபிள் மாற்றியும் பிரேக் சரியாகாது. பழுது எங்கே தெரிகிறது என்பதோடு நிற்காமல், எங்கிருந்து வருகிறது என்று தேடினால் செலவு பாதியிலேயே நிற்கும்.

கார்புரேட்டர் வைத்த, இரண்டு பக்கமும் டிரம் பிரேக் உள்ள பழைய ஆக்டிவா, ஸ்கூட்டி பெப் பிளஸ் போன்ற வண்டிகளை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. 10, 12, 14 ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சாதாரண மல்டிமீட்டர், 400 நம்பர் எமரி பேப்பர், கொஞ்சம் கிரீஸ், வாசலின் இருந்தால் போதும்.

படி 1: தேதியைப் பாருங்கள்

ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் மத்திய விதிப்படி டூ வீலர் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய்; தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய். பசுமை வரி தனி. இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், நிலுவை அபராதம் இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள். புகைச் சான்றிதழ் மட்டும் கடைசியில். ரிப்பேர் முடிந்த பிறகு எடுத்தால்தான் அர்த்தம்.

படி 2: சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர்

இரண்டு நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று ஆய்வாளர் பார்ப்பார். சேஸ் நம்பர் மேல் துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டரோ முரட்டு எமரியோ வேண்டவே வேண்டாம். எழுத்து ஒன்று மழுங்கினாலும் நம்பரைத் திருத்திய வண்டி என்று சந்தேகம் வரும், அதைத் தீர்ப்பது எந்த ரிப்பேரையும் விடப் பெரிய அலைச்சல். சுத்தம் செய்ததும் மேலே லேசாக கிரீஸ் தடவி விடுங்கள்.

வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. முன்னால் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம், பின்னால் எழுத்து 35, எண் 40 மி.மீ. அலங்கார எழுத்து, தலைவர் படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

படி 3: பிரேக்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி லீவரைப் பிடியுங்கள். முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா வந்து, அதன்பிறகு பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். அதிகமாக வந்தால், சக்கரத்துப் பக்கம் கேபிள் முடியும் இடத்தில் உள்ள அட்ஜஸ்டர் நட்டை வலப்பக்கமாகத் திருகுங்கள், ஒரு தடவைக்கு அரைச் சுற்று. நட்டின் வளைவான பள்ளம், பிரேக் ஆர்மில் (டிரம் மூடியில் கேபிள் இழுக்கும் கை) உள்ள பின் மேல் சரியாக உட்கார வேண்டும். பாதியில் நின்றால் ஓட ஓட உட்கார்ந்து, மறுபடி லூஸ் ஆகிவிடும். திருகியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசாமல் சுற்ற வேண்டும்.

அடுத்து, டிரம்முக்குள் விரிந்து உரசிச் சக்கரத்தை நிறுத்தும் ஷூவின் தேய்மானம். பல வண்டிகளில் பிரேக் ஆர்மோடு ஒரு சின்ன அம்புக்குறியும், டிரம் மூடியில் ஒரு அடையாளமும் இருக்கும். லீவரை முழுதாக அழுத்தும்போது அம்பு அந்த அடையாளத்துக்கு நேரே வந்துவிட்டால் ஷூ தீர்ந்துவிட்டது. இனி நட்டைத் திருகிப் பயனில்லை.

நம் பக்கத்து வண்டிகளுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. லீவரை விட்ட பிறகும் பிரேக் முழுதாக விடாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம்மைத் தொட்டால் சூடு அடிக்கும். "கேபிள் போயிடுச்சுண்ணே" என்று கடையில் மாற்றித் தருவார்கள், ஒரு வாரத்தில் பழையபடி ஆகும். கேபிளின் தப்பு அல்ல அது. ஷூவை விரிக்கும் கேம், அதன் துளைக்குள்ளேயே துரு ஏறி இறுகியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, கேமை வெளியே எடுத்து, எமரி போட்டுத் துடைத்து, கேம் தண்டிலும் ஷூ தாங்கும் பின்னிலும் மெல்லிய கிரீஸ் தடவிப் பூட்டினால் சரியாகிவிடும். ஷூ மீதும் டிரம் உள்ளேயும் ஒரு பொட்டு கிரீஸ்கூடப் படக் கூடாது. உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், மூச்சில் போகும். ஈரத் துணியால் துடையுங்கள். ஆக்டிவாவில் பின் சக்கரத்தை எடுக்க முதலில் சைலன்சரைக் கழற்ற வேண்டும், அதனால் புதியவர்கள் முன் சக்கரத்தை மட்டும் முயன்று பார்த்துவிட்டுப் பின்பக்கத்தை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஷூ மாற்றும்போது டிரம்மையும் பாருங்கள். அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் புது ஷூ போட்டும் பிடிமானம் வராது.

படி 4: மின்சாரம்

வரிசை முக்கியம். பேட்டரி, ஃபியூஸ், எர்த் (வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் வயர்), சுவிட்ச், கடைசியில்தான் பல்பு. எல்லோரும் தலைகீழாகச் செய்து பல்புக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

வண்டி ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நலம். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ரெகுலேட்டர், மேக்னெட் காயில் (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் சுருள்) பக்கம் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். புது பேட்டரி வாங்கி அதையும் கெடுக்காதீர்கள்.

இந்தப் பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடுவதில்லை, நேரே மேக்னெட் காயிலில் இருந்து எரிகிறது. ஐடிலில் மங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் பளிச்சென்று எரிவது பழுதே அல்ல. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியில் ஓடுபவை. ஹெட்லைட் நன்றாக எரிந்து, ஹாரன் தொண்டை கட்டியது போல் முனகினால் பேட்டரியில் தொடங்குங்கள்.

பிரேக் லைட் முன் லீவருக்கும் எரிய வேண்டும், பின் லீவருக்கும் எரிய வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். எரியாத லீவருக்கு அடியில் சின்ன சுவிட்ச், அதில் இரண்டு மெல்லிய வயர். இரண்டையும் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒரு துண்டு வயரால் அந்த இரண்டு முனைகளையும் இணையுங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது. எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர், எர்த். டெயில் லைட் பல்பு 12 வோல்ட், 21/5 வாட். அதன் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றித் திணித்தால் பிரேக் பிடிக்கும்போது வெளிச்சம் அதிகமாகாது.

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது வாட் குறைந்த பல்பு போட்டிருப்பார்கள்.

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகக் களிம்பு தெரியும். எமரியைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, வாசலின் தடவிப் பூட்டுங்கள். வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த ஐப்பசி மழைக்குத் தாங்காது.

படி 5: ஹேண்டில்பார், சக்கரம், டயர்

இன்னொருவரிடம் பின்பக்கத்தை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேர் நிலையில் ஒரு இடத்தில் மட்டும் சிக்கி நின்றால், ஹேண்டில்பார் தண்டு சுழலும் பேரிங்கான கோன் செட் குழி விழுந்துவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டிகளுக்கு இது சகஜம். இறுக்கிப் பார்க்காதீர்கள், செட்டாக மாற்றுங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடப்பு இருக்கக் கூடாது.

டயர் பள்ளங்களுக்குள் சின்ன மேடு இருக்கும், அதுதான் தேய்மான அடையாளம். அதற்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கண்ணாடி, பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் சேலை கார்டு ஆகியவை இருக்க வேண்டும்.

படி 6: சைலன்சரும் புகையும்

சைலன்சரின் அடியில் கரிக் கோடு தெரிந்தால் அங்கே ஓட்டை. சின்ன ஓட்டை என்றால் வெல்டிங் போதும். தகடே உதிர்ந்தால் மாற்றுங்கள், சத்தம் போடும் சைலன்சர் வேண்டாம்.

2000 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு வரம்பு: கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். முதல் எண் கூடினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது சோக் முழுதாகத் திரும்பியிருக்காது. இரண்டாவது எண் கூடினால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. பிளக்கையும் வால்வையும் பாருங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அதை கார்புரேட்டர் டியூனிங்கால் மறைக்க முடியாது. பத்து நிமிடம் ஓட்டி இன்ஜின் சூடான பிறகே சோதனைக்குக் கொடுங்கள்.

படி 7: திருப்பி அனுப்பினால்

என்ன குறை என்று ஆய்வாளரிடம் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "பிரேக் சரியில்லை" என்றால் முன்னா பின்னா என்றும், "லைட் எரியவில்லை" என்றால் எந்த லைட் என்றும் கேளுங்கள். மெக்கானிக்கிடம் அந்தச் சீட்டையே காட்டுங்கள், சொல்லாத வேலைக்கும் பில் போடுவது குறையும். மறுபடி காட்டப் போகும் முன், மற்ற விளக்குகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஒரு கனெக்டரைத் திறந்து மூடும்போது பக்கத்து வயர் கழன்றுகொள்வது அடிக்கடி நடப்பதுதான்.

புது ஆர்.சி. கைக்கு வந்ததும் சேஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளைப் பழைய ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, முடியும் தேதி புதிதாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பு இருந்தால் உடனே ஆபீசில் சொல்லித் திருத்தி வாங்குங்கள். விற்கும்போது கண்டுபிடித்தால் பெயர் மாற்றமே நின்றுபோகும்.