பாதியில் நின்ற குவில்ட்டை மறுபடி எடுக்கும்போது

வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த கைத்தையல் குவில்ட்டை (மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு சேர்த்துத் தைக்கும் போர்வை) எடுத்ததும் தைக்க உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றுங்கள். குத்தியபடி விட்ட ஊசி துருப்பிடித்திருக்கலாம், அதையும் மெதுவாக உருவிவிடுங்கள். மூன்று அடுக்கையும் பிடிக்கப் போட்ட ஓட்டுத்தையல் எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் புதிதாகப் போட்டால் போதும். தண்ணீரில் அழியும் நீல மார்க்கர் கோடுகள் இருந்தால் அயர்ன் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் கறை நிலைத்துவிடக்கூடும்.

அப்புறம் ஒரு துண்டுத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்துப் பாருங்கள், கை பழக வேண்டும். அன்று அங்குலத்துக்கு 6 தையல் போட்டிருந்தால் இன்றும் 6தான். நுணுக்கமாகத் தைக்க ஆசைப்பட்டால் பழையதும் புதியதும் சேருமிடம் கண்ணை உறுத்தும். பழைய தையலைப் பிரிக்க எனக்கு மனசே வராது, அன்றைய கை அதில் இருக்கிறது. நடுவிலிருந்து ஓரம் நோக்கியே போங்கள், சுருக்கம் விழாது.