திடீர் திடீரென நின்றுபோகும் லேப்டாப்: கோளாறு எந்தப் பாகத்தில் என்று நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

வேலை பாதியில் இருக்கும்போது லேப்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது. அல்லது நீலத் திரை காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அல்லது மவுஸ்கூட நகராமல் அப்படியே நின்றுவிடுகிறது. உடனே பலரும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கடை. அங்கே "போர்டு போயிருக்கு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், பழைய லேப்டாப்புக்கு இவ்வளவு செலவு செய்யலாமா என்று குழம்புகிறார்கள்.

போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, போவதும் உண்டு. ஆனால் தூசி அடைத்த ஃபேன், சரியாக உட்காராத ரேம், கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க், தேய்ந்த பேட்டரி என எதுவானாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: லேப்டாப் நின்றுபோகிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு பென் டிரைவ், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், ஒரு நோட்டு, ஒரு ராத்திரி நேரம் இருந்தால் போதும். ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் கழற்றி மாட்டி, டிரைவரையும் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) அப்டேட் செய்து, ஃபேனையும் துடைத்துவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன்

போட்டோ, சான்றிதழ், அலுவலக ஃபைல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். சோதனைகள் லேப்டாப்பை வேண்டுமென்றே கஷ்டப்படுத்துபவை. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் அப்போதே முழுசாகப் போய்விடலாம். விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்) கை வைத்தால், பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு ரெகவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, முன்பே தாளில் எழுதி வையுங்கள்.

படி 1: எப்போது நிற்கிறது என்று எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் பாதி வேலை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜர் மாட்டியிருந்ததா, எப்படி நின்றது.

கேம் அல்லது வீடியோ எடிட்டிங் ஓடும்போது மட்டும் அணைந்தால் சூடு அல்லது மின்சாரப் பிரச்சினை. சார்ஜரைக் கழற்றியதும் அணைந்தால் பேட்டரி. மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்காமல் சில நிமிடம் தவிக்கிறது என்றால் டிஸ்க் மேல் சந்தேகம் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீலத் திரை, எந்த ஒழுங்கும் இல்லை என்றால் ரேம். மூடியை அசைத்தால், கை வைக்கும் இடத்தை அழுத்தினால், ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கிறது, அல்லது போர்டில் ஈயப்பற்று விட்டிருக்கிறது. இவை எதுவும் தீர்ப்பு அல்ல, எந்தச் சோதனையை முதலில் செய்யலாம் என்பதற்கான துப்பு.

படி 2: விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போங்கள். லேப்டாப் நின்ற நேரத்தை ஒட்டி, கெர்னல்-பவர் என்ற பெயரில் 41 எண்ணுள்ள சிவப்புப் பதிவு இருக்கும்.

இதைப் பார்த்ததும் "பவர் என்று போட்டிருக்கிறதே, அடாப்டர்தான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பதிவுக்கு அர்த்தம் கிடையாது. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 வரும். பயனுள்ள தகவல் அதன் உள்ளே இருக்கிறது. டீட்டெயில்ஸ் பகுதியைத் திறந்து 'பக்செக் கோட்' (நீலத் திரைப் பிழையின் எண்) என்ற வரியைப் பாருங்கள்.

அங்கே 0 இருந்தால், விண்டோஸுக்கு நீலத் திரை எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை: மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது சூட்டில் அணைந்திருக்கிறது, அல்லது மொத்தமாக உறைந்து நின்றிருக்கிறது. 292 என்றால் மீள முடியாத வன்பொருள் பிழை வந்திருக்கிறது. 26 என்றால் மெமரி மேனேஜ்மெண்ட் பிழை, ரேமைச் சோதியுங்கள். 122 என்றால் டிஸ்க்கிலிருந்து தேவையான பக்கத்தைப் படிக்க முடியவில்லை. 278 கிராஃபிக்ஸ் பக்கம் கைகாட்டுகிறது. அது டிரைவர் கோளாறாகவும் இருக்கலாம்.

அதே பட்டியலில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153, அல்லது வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் 18 இருக்கிறதா என்றும் தேடுங்கள். 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பிளாக். 153 என்றால் படிப்பதோ எழுதுவதோ ஒரே முயற்சியில் முடியாமல் திரும்பச் செய்யப்பட்டிருக்கிறது. 18 என்றால் மீள முடியாத வன்பொருள் பிழை.

படி 3: விண்டோஸை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்

விண்டோஸை அழித்துப் போடுவதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். உபுண்டு என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்தே ஓட்டுங்கள். வழக்கமாக லேப்டாப் எதைச் செய்யும்போது நிற்குமோ, அந்த மாதிரி வேலையைக் கொடுங்கள். யூடியூபில் வீடியோ ஓட விடுங்கள், நிறைய டேப் திறந்து வையுங்கள். இங்கேயும் நின்றால் வன்பொருள் கோளாறு என்பது ஏறக்குறைய உறுதி. மணிக்கணக்கில் நிற்காமல் ஓடினால் விண்டோஸ், டிரைவர், உள்ளே இருக்கும் டிஸ்க் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். (உபுண்டு பென் டிரைவிலிருந்து ஓடும்போது உள் டிஸ்க்குக்குப் பெரிதாக வேலை இல்லை; அதனால்தான் டிஸ்க்கும் சந்தேகப் பட்டியலில் நிற்கிறது.)

படி 4: சூடு

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு சென்சார் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். கடுமையான வேலையில் 85, 90 டிகிரி தொடுவது இன்றைய மெல்லிய லேப்டாப்களில் சாதாரணம். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும். அப்படியும் சூடு அடங்காவிட்டால்தான் அணையும். கவலைப்பட வேண்டியது, சும்மா டெஸ்க்டாப் திறந்திருக்கும்போதே 80-க்கு மேல் நிற்பதும், வேலை கொடுத்த சில நொடிகளில் 100-ஐத் தொடுவதும்தான்.

தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரின் லேப்டாப், ப்ராஜெக்ட் வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் அணைந்துகொண்டிருந்தது. ஃபேன் இரைச்சலாகச் சுற்றியது; எல்லோரும் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்தால் காற்றே வரவில்லை. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஃபேனின் இறகுகள் சுத்தமாகவே இருந்தன. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் இருந்த இடுக்கில், சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு தூசிப் படலம் படிந்திருந்தது. பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. அதன் பிறகு எக்ஸ்போர்ட் முழுசாக முடிந்தது. ஃபேன் சுற்றும் சத்தத்தை நம்பாதீர்கள், வெளியே காற்று வருகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

தூசியை ஊதும்போது ஃபேன் இறகை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். தூசி இல்லாமலும் சூடு குறையவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கலாம். அதை மாற்றிப் பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுப்பது நல்லது.

படி 5: ரேம்

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. ஆனால் அது "பிழை இல்லை" என்று சொன்னால் நான் நம்புவதில்லை. இடைவிட்டு வரும் கோளாறுகள் பல அதில் தப்பிவிடுகின்றன. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, சார்ஜர் மாட்டிய நிலையில் ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான். ரேமில் 'கொஞ்சம் கெட்டது' என்று எதுவும் இல்லை.

பிழை வந்தால், லேப்டாப்பில் இரண்டு ரேம் இருந்தால், ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். திறக்கும் முன் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பாதி உறக்கத்திலேயே இருக்கும். சார்ஜரையும், உள்ளே பேட்டரியின் கனெக்டரையும் கழற்றிய பிறகே ரேமைத் தொடுங்கள். பிழை ஒரு ரேமோடு கூடவே எந்த ஸ்லாட்டுக்கும் போனால் அந்த ரேம் கெட்டது. எந்த ரேமை மாட்டினாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட் அல்லது போர்டு. சில சமயம் கழற்றி அழுத்தி மாட்டியதுமே பிழை மறைந்துவிடும். அப்போதும் இன்னொரு ராத்திரி ஓட்டி உறுதி செய்யுங்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கழற்றிப் பார்க்க வழியில்லை.

படி 6: டிஸ்க்

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மேலே 'குட்' என்று இருந்தாலும் கீழே உள்ள வரிகளையும் படியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 'ரீஅலோகேட்டட் செக்டார்', 'கரண்ட் பெண்டிங் செக்டார்' இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். என்விஎம்இ எஸ்எஸ்டியில் 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' 0 ஆக இருக்க வேண்டும். இந்த எண்கள் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. காப்பி எடுக்காத டேட்டா இருந்தால் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி) ஓட்டாதீர்கள். அந்த உழைப்பில் மிச்சமும் போகலாம். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

படி 7: அடாப்டர், பேட்டரி

முதலில் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கும் அவசியமே இல்லாமல், கண்ணால் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, லேப்டாப் மேசையில் தட்டையாக உட்காராமல் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது. மற்ற சோதனைகளெல்லாம் அதை மாற்றிய பிறகு.

உப்பவில்லை என்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவிலேயே பேட்டரி பகுதியில் 'வேர் லெவல்' (எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற சதவீதம்) பாருங்கள். 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே லேப்டாப் செத்துப்போகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. அடாப்டரின் வாட்ஸும் முக்கியம். 65 வாட்ஸ் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட்ஸ் சார்ஜர் மாட்டினால் சாதாரண வேலையில் ஒன்றும் தெரியாது, கனமான வேலையில்தான் வினை. அதே வோல்டேஜ், அதே வாட்ஸ் உள்ள வேறொரு அடாப்டரை நண்பரிடம் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

படி 8: இத்தனைக்கும் பிறகு

கம்பெனியே வைத்திருக்கும் சோதனையையும் ஓட்டுங்கள். டெல் என்றால் ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். ஹெச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்2. பிழை வந்தால் திரையில் வரும் குறியீட்டைப் போட்டோ எடுங்கள். வாரண்டி இருந்தால் அதைத்தான் கேட்பார்கள். திரையில் கோடுகள், கட்டங்கள் வந்தால் வெளி மானிட்டரை மாட்டுங்கள். அதிலும் வந்தால் கிராஃபிக்ஸ் சிப், லேப்டாப் திரையில் மட்டும் வந்தால் கேபிள் அல்லது பேனல்.

சூடு சரி, ரேம் சரி, டிஸ்க் சரி, மின்சாரம் சரி, உபுண்டுவிலும் நிற்கிறது என்றால் மிச்சம் இருப்பது போர்டுதான். இப்போது கடைக்குப் போகலாம். "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், "மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, பிழை இல்லை, வேறு அடாப்டரிலும் அணைகிறது, பக்செக் கோட் 0" என்று நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். எந்தப் பாகம், புதிதா பழையதா, எவ்வளவு நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். மாற்றும் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுக்க முடியுமானால் அப்படியே கொடுங்கள். போர்டைச் சோதிக்க உங்கள் போட்டோக்கள் அவர்களுக்குத் தேவையில்லை.