ஆஸ்பத்திரியில் ஆலோசகராகச் சேருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து ஒன்ராறியோ வந்தவர்களுக்கு

வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஹெல்த் கார்டும் எடுத்தாகிவிட்டது. இனி ஏதாவது பொதுவேலை செய்யலாமே என்று கேட்கும் நம்மூர் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளர், குடும்ப ஆலோசகராகச் சேருங்கள்.

ஊரில் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவைப் பார்த்திருப்பீர்கள். கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் காசு சேர்ப்பார்கள், மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். இங்கே ஆலோசகரிடம் யாரும் காசு கேட்பதில்லை. வார்டில் நின்று உதவும் தொண்டு வேலையும் இது இல்லை, அது வேறு. ஒரு படிவம், ஓர் அறிவித்தல், ஒரு காத்திருப்பு அறை, எதை மாற்றுவதானாலும் நிர்வாகமும் மிஸ்ஸிமாரும் இருக்கும் கூட்டத்தில் நோயாளியின் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். 2010இல் வந்த சட்டப்படி ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகள் ஆண்டுதோறும் தர மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை வெளியிட வேண்டும். நோயாளிகளின் கருத்தை அதில் எப்படிச் சேர்த்தோம் என்று காட்ட வேண்டும் என்பதும் 2015இல் விதியானது. ஆகவே உங்களை ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

"எனக்கு என்ன தெரியும், நான் டொக்டரா?" என்று கேட்காத ஆளில்லை. மண்டூரிலிருந்து விடியப்புறம் வாவி கடக்கும் பாதையில் (படகில்) ஏறி குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடி கிளினிக்கில் துண்டு எடுத்துக் காத்திருந்தவருக்கு, காத்திருப்பு என்றால் என்னவென்று யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தாயின் கட்டிலருகே இருந்து பராமரித்தவருக்குத் தெரிவது நிர்வாகிகளுக்குத் தெரியாது. அவர்கள் கேட்பது அந்த அனுபவத்தைத்தான்.

ஒன்றைச் சொல்கிறேன். திருக்கோவில் பக்கத்து ஐயா ஒருவர், சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும்போது மிஸ்ஸி சொன்ன எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். விளங்கிவிட்டது என்று மிஸ்ஸி எழுதிக்கொண்டார். ஐயாவுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. டொக்டரையும் மிஸ்ஸியையும் குறுக்கே கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். இதை நான் இருக்கும் ஆலோசகர் குழுவில் சொன்னபோது அறை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. "விளங்கியதா?" என்று கேட்காமல், "வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படி எடுப்பீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்கச் சொன்னேன். அப்படிக் கேட்கும் முறை மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் நம் ஆட்களுக்கு அது ஏன் கட்டாயம் தேவை என்பதை நம்மில் ஒருவர்தான் சொல்ல முடியும். அதேபோல, சலரோகக்காரருக்கான உணவுத் தாளில் பாணும் பாஸ்தாவும் இருந்தன, பிட்டும் இடியப்பமும் இல்லை. எத்தனை இடியப்பம் சாப்பிடலாம் என்று எழுதினால்தான் ஆச்சி கேட்பா என்றேன்.

பெரிய அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. ரொறன்ரோவின் யுனிவர்சிட்டி ஹெல்த் நெட்வொர்க்கில் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் தாளைப் புதிதாக வடிவமைத்தார்கள். என்ன மருந்து, உடம்பு எப்படி இருக்கும், அன்றாட வழக்கத்தில் எதை மாற்ற வேண்டும், அடுத்து எங்கே எப்போது போக வேண்டும், அவசரமென்றால் யாரைக் கேட்பது. அவ்வளவுதான் அதில்.

சேர்வது கஷ்டமில்லை. ஸ்காபுரோவில் இருப்பவர்கள் ஸ்காபுரோ ஹெல்த் நெட்வொர்க்கைக் கேளுங்கள், ஜெனரல், பேர்ச்மவுண்ட், சென்டனரி மூன்றும் அதற்குள்தான். வேறு நகரமென்றால் உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளர் அனுபவப் பிரிவு எது என்று விசாரியுங்கள். விண்ணப்பம், சிறு நேர்முகம், பெரும்பாலும் பொலிஸ் சான்றிதழும் தடுப்பூசி விபரமும் கேட்பார்கள். இரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் வைக்க வேண்டும். அதை இலேசாக எடுக்காதீர்கள். கூட்டத்தில் கேட்டதைக் கோயில் வாசலில் கதைக்கக்கூடாது. சம்பளம் இல்லை, பார்க்கிங், பஸ் காசைச் சில இடங்களில் திருப்பித் தருவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கோ வீட்டாருக்கோ ஆஸ்பத்திரியில் அநியாயம் நடந்திருந்தால் அதைத் தீர்க்கும் இடம் இந்தக் குழு இல்லை. முதலில் ஆஸ்பத்திரியின் நோயாளர் தொடர்பு அலுவலகம், அங்கே சரிவராவிட்டால் 2016 முதல் இயங்கும் ஒன்ராறியோவின் நோயாளர் ஒம்புட்ஸ்மன், அதாவது நோயாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அலுவலகம். அது இலவசம். ஆறாத கோபத்தோடு இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வருவது நல்லது, பிறகு பேச்சு நிதானமாக வரும்.

இங்கிலிஷ் பயம்தான் கடைசித் தடை. கூட்டத் தாள்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். விளங்காத பக்கத்தை மகளிடம் காட்டாமல், அது இரகசியமாக இருக்கலாம், குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கே போன் எடுத்துக் கேளுங்கள். கோடையில் பல குழுக்கள் கூடுவது குறைவு, அதனால் விண்ணப்பத்தை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.