பழைய வரிசை வீடு வாங்குகிறீர்களா? சர்வே அறிக்கையைக் கையாளும் முறை

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் வீடு தேடும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அமைவது நூறு வயதைத் தாண்டிய செங்கல் வரிசை வீடுதான். வீட்டின் நிலையை நிபுணர் சோதித்து எழுதித் தரும் சர்வே அறிக்கையில் சிவப்புக் குறிகளைப் பார்த்ததும் விலகிவிடாதீர்கள். குறையைவிட அதன் காரணம் முக்கியம். அது தெரிந்தால்தான் செலவு தெரியும்.

முதல் படி: சரியான சர்வே. வங்கி செய்யும் மதிப்பீடு கடனுக்கான பாதுகாப்புதான், உங்களுக்கானது அல்ல. பழைய வீட்டுக்கு ஆர்.ஐ.சி.எஸ். (பட்டய சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பு) உறுப்பினரிடம் மூன்றாம் நிலை சர்வே, அதாவது மிக விரிவான சர்வே, கேளுங்கள்.

இரண்டாம் படி: அறிக்கையில் 3 (கடுமையான அல்லது அவசரமான குறை) என்று குறித்த பகுதிகளை முதலில் படியுங்கள். அடுத்து, "பார்க்க இயலவில்லை" என்று எழுதிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பளத்துக்கு அடியில் உள்ள தரைச் சட்டங்களும் பரணும்தான் பெரும்பாலும் அப்படி விடுபடும். மறுபடியும் போய்ப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள்.

மூன்றாம் படி: விரிசல். 5 மி.மீ. வரையிலான விரிசல்கள் பொதுவாகப் பூசிச் சரிசெய்யக் கூடியவை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல் சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகன்று, சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிந்தால் அடித்தளம் இறங்கியிருக்கலாம். லண்டன் களிமண் கோடையில் சுருங்கும். அருகில் பெரிய மரமோ கசியும் வடிகாலோ இருந்தால் ஆபத்து கூடும். இதற்குக் கொத்தனாரின் கருத்து போதாது. பட்டயம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். வடிகாலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஈரம். மக்கள் வீணாகப் பணம் கொட்டுவது இங்கேதான், எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. விக்டோரியா காலத்துச் சுவர் பெரும்பாலும் 9 அங்குலக் கெட்டிச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. உறிஞ்சிய ஈரத்தைச் சாந்து வழியே வெளியே விடும். பின்னாளில் சிமெண்ட் பூசியதும் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. தோட்ட மண் உயர்ந்து, தரைக்கு அடியில் காற்றோட்டம் தரும் காற்றுத்துளைச் செங்கல்லை மூடியிருக்கலாம்; கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகலாம். இலவசமாகச் சோதித்துவிட்டு, சுவரில் ஈரத்தடுப்பு மருந்து செலுத்த வேண்டும் என்பவர் அந்த மருந்தை விற்பவராகவே இருப்பார். கட்டணம் வாங்கும், எதையும் விற்காத நிபுணரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கீழ்த்தளத்தில் புகைபோக்கிச் சுவரை இடித்திருந்தால், மேலே மிச்சமுள்ள செங்கல்லை எது தாங்குகிறது என்று கேளுங்கள். உள்ளாட்சிக் கட்டட ஒப்புதல் சான்றிதழை உங்கள் வழக்கறிஞர் கேட்டுப் பெற வேண்டும்.

கடைசியாக, பேரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறும் வரை நீங்கள் சொன்ன விலை உங்களைக் கட்டுப்படுத்தாது. பொறியாளரின் அறிக்கையையும் வேலைக்கான எழுத்துபூர்வ விலைப்பட்டியலையும் இணைத்து, அந்தத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். முன்பு நிலம் இறங்கிய வீடு என்றால், விற்பவரின் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கும் காப்பீட்டைத் தொடருமா என்பதைப் பரிமாற்றத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.